டெஸ்ட் ரிப்போர்ட் நார்மல், ஆனா ரத்தம் நிற்கவில்லை: புது நோயைக் கண்டுபிடித்த எரிக் வான் வில்லிபிராண்ட் யார்?

ஆபரேஷனுக்கு முன்னாடி லேப்புக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் பி.டி., சி.டி. என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம். விரல் நுனியிலோ காதுமடலிலோ ஒரு சின்னக் குத்து, கையில் ஒரு கடிகாரம். ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நார்மல் என்று வந்தால் நிம்மதி.

இதில் முதல் டெஸ்ட்டை வைத்துத்தான், சுமார் 100 வருஷத்துக்கு முன் பின்லாந்தில் ஒரு டாக்டர் அதுவரை பெயரே இல்லாத ஒரு நோயைக் கண்டுபிடித்தார். அதே டெஸ்ட்டால் பெரிய பயன் இல்லை என்று பிற்பாடு நிபுணர்கள் ஒதுக்கியும் வைத்தார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதைப் புரிந்துகொள்ள எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற அந்த டாக்டரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெல்சிங்கிக்கு வந்த 5 வயது சிறுமி

அது 1924-ம் ஆண்டு. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் உள்ள டீக்கனஸ் மருத்துவமனைக்கு 5 வயது சிறுமி ஒருத்தி கொண்டுவரப்பட்டாள். ஊர், பால்டிக் கடலில் இருக்கும் ஆலண்ட் தீவுக்கூட்டத்தில் ஃபோக்லோ என்ற பகுதி. பிரச்சினை ஒன்றுதான்: ரத்தம் வந்தால் நிற்காது.

மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம். சின்னக் காயம் பட்டாலே நீண்ட நேரம் கசியும். மூன்று வயதில் மேல் உதட்டில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தபோது மூன்று நாள் ரத்தம் நிற்காமல், குழந்தை கிட்டத்தட்ட நினைவிழக்கும் நிலைக்குப் போயிருந்தாள். அதற்காகவே பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டி வந்தது.

வீட்டில் இது புதுசும் இல்லை. அவளுடைய சகோதரிகள் நான்கு பேர், நான்கு வயதைத் தாண்டாமலே ரத்தப்போக்கால் இறந்திருந்தார்கள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ரத்தம் நிற்காத ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இதைக் கேட்டதும் நினைவுக்கு வரக்கூடிய நோய் ஹீமோபிலியா. ஐரோப்பிய அரச குடும்பங்களில் இருந்ததால் உலகமே அறிந்த நோய் அது. ஆனா ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்குவது. பெண்கள் வழியாகக் கடத்தப்படுவது. இங்கே செத்துப்போனது பெண் குழந்தைகள். கண் முன்னே ரத்தம் சிந்தி நிற்பதும் பெண் குழந்தைதான்.

யார் இந்த வில்லிபிராண்ட்?

எரிக் அடால்ஃப் வான் வில்லிபிராண்ட் 1870 பிப்ரவரி 1-ம் தேதி பின்லாந்தின் வாசா நகரில் பிறந்தவர். அப்போது பின்லாந்து தனி நாடு இல்லை, ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. குடும்பம் ஸ்வீடிஷ் பேசும் குடும்பம், அப்பா என்ஜினீயர். பள்ளிக்கூடத்தில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் எல்லாம் நன்றாக வந்தது. செடிகளும் பட்டாம்பூச்சிகளும் பறவைகளும்தான் சின்ன வயசு விருப்பம். கவனித்துப் பார்ப்பது, வகை பிரிப்பது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் குறித்து வைப்பது என்கிற பழக்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

1890-ல் ஹெல்சிங்கியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பட்டம் வாங்கும் முன்பே, 1894, 1895 கோடைக்காலங்களில் ஆலண்ட் தீவுகளின் தலைநகரான மரியேஹாமில் ஒரு குளியல் சிகிச்சை மையத்தில் இளநிலை டாக்டராக வேலை பார்த்தார். முப்பது வருஷம் கழித்து அதே தீவிலிருந்து ஒரு நோயாளி வருவாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

1896-ல் பட்டம். 1899-ல் டாக்டர் பட்ட ஆய்வு. அதன் தலைப்பே ரத்தம் சம்பந்தப்பட்டதுதான்: உடம்பிலிருந்து அதிக ரத்தம் வெளியேறிய பிறகு ரத்தத்தில் என்ன மாற்றங்கள் நடக்கின்றன என்பது. பிறகு உடற்கூறு, உடலியங்கியல் பாடங்கள் நடத்தினார். 1908 முதல் 1933-ல் ஓய்வு பெறும் வரை டீக்கனஸ் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். சர்க்கரை நோயிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. சிறுநீர் பரிசோதனை பற்றியும் உணவுக் கட்டுப்பாடு பற்றியும் எழுதினார். இன்சுலின் வந்த புதிதில் அதைப் பற்றி எழுதியவர்களிலும் ஒருவர். அடக்கமான மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு ஒழுங்கான டாக்டர் வாழ்க்கை. அந்தச் சிறுமி வந்தபோது அவருக்கு வயது 54.

எந்த டெஸ்ட் எதைச் சொன்னது?

இன்றைக்கு இருப்பது போல ரத்த உறைவுக்கு நூறு வகை டெஸ்ட் அன்றைக்குக் கிடையாது. விரல் விட்டு எண்ணிவிடலாம். வில்லிபிராண்ட் கையில் இருந்தவற்றையெல்லாம் செய்து பார்த்தார். அவர் செய்ததைவிட, ஒவ்வொரு ரிசல்ட்டையும் அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் ரத்தம் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். கண்மாய்க் கரை உடைந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? முதலில் மணல் மூட்டைகளைக் கொண்டுபோய் அடைப்பார்கள். பிறகுதான் மண் கொட்டிக் கெட்டிப்படுத்தும் வேலை. உடம்பிலும் அதேதான். ரத்தக்குழாய் கிழிந்ததும் பிளேட்லெட் எனப்படும் நுண்ணிய துகள்கள் ஓடிவந்து அடைக்கும். இது முதல் கட்டம். அதன்பிறகு ரத்தத்தில் உள்ள உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, வலை போன்ற நார்களை உண்டாக்கி அந்த அடைப்பைக் கெட்டியாக்கும். இது இரண்டாம் கட்டம்.

வில்லிபிராண்ட் பார்த்தது முதலில் பிளேட்லெட் எண்ணிக்கை. அது குறைந்தால் ரத்தம் நிற்காது, டெங்கு காலத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிறுமிக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்போ மூட்டைக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது கிளாட்டிங் டைம். ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து, உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. கடுமையான ஹீமோபிலியாவில் இது ரொம்ப நீளும். சிறுமிக்கு நார்மல். அப்போ இது வழக்கமான ஹீமோபிலியா போலத் தெரியவில்லை.

மூன்றாவது, உறைந்த ரத்தக்கட்டி சுருங்குகிறதா என்ற டெஸ்ட். 1918-ல் கிளான்ஸ்மேன் என்ற சுவிஸ் டாக்டர் ஒரு நோயை விவரித்திருந்தார். அதில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனா கட்டி சரியாகச் சுருங்காது. சிறுமியின் ரத்தக்கட்டி ஒழுங்காகச் சுருங்கியது. அப்போ அதுவும் இல்லை.

கையில் பட்டை கட்டி இறுக்கி, தோலில் சிவப்புப் புள்ளிகள் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் செய்யப்பட்டது. டெங்கு சந்தேகத்துக்கு இன்றும் செய்கிறார்களே, அதே வகை. அதில் புள்ளிகள் வந்தன. நுண்குழாய்களிலும் ஏதோ சிக்கல் என்று காட்டியது. ஆனா பல நோய்களில் இப்படி வரும் என்பதால் இதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

கடைசியாக பிளீடிங் டைம். 1910-ல் வில்லியம் டியூக் என்ற அமெரிக்க டாக்டர் அறிமுகப்படுத்திய முறை அது. காதுமடலில் சின்னதாக ஒரு கீறல். அரை நிமிடத்துக்கு ஒரு முறை வடிதாளால் ஒற்றி எடுக்க வேண்டும். தாளில் விழும் ரத்தப் பொட்டு சிறுத்துக்கொண்டே வந்து மறைந்துபோனால் ரத்தம் நின்றதாகக் கணக்கு. ஆரோக்கியமான ஆளுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

இந்தச் சிறுமிக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை.

குழாயில் எடுத்த ரத்தம் உறைகிறது, உடம்பில் கீறினால் நிற்கவில்லை. மூட்டைகள் இருக்கின்றன, மண்ணும் இருக்கிறது, ஆனா உடைப்பு அடைபடவில்லை. கண்ணாடிக் குழாயில் கிழிந்த ரத்தக்குழாய்ச் சுவர் கிடையாது, ஓடுகிற ரத்தமும் கிடையாது. அங்கே தெரியாத ஒரு கோளாறு காதுமடலில் தெரிந்துவிட்டது. வேறு ஒரு டாக்டராக இருந்திருந்தால், இத்தனை ரிப்போர்ட் நார்மலாக வந்த பிறகு அந்த ஒன்றை டெஸ்ட் செய்ததில் வந்த தவறு என்று தள்ளியிருக்கலாம். வில்லிபிராண்ட் தள்ளவில்லை. நார்மலாக வந்த ஒவ்வொன்றும் ஒரு நோயை நீக்கியது. அப்படி நீக்கிக்கொண்டே வந்த பிறகு மிச்சமிருந்தது அதுவரை யாரும் விவரிக்காத ஒன்று.

66 பேர் கொண்ட குடும்ப வரைபடம்

ஆனா லேப் ரிசல்ட்டோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. உண்மையில் அவருடைய கண்டுபிடிப்பின் பாதி லேப்புக்கு வெளியே நடந்தது.

சிறுமியின் உறவினர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தார். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை, ஒன்றுவிட்ட பிள்ளைகள் என்று மொத்தம் 66 பேர். அதில் 23 பேருக்கு ஏதோ ஒரு விதத்தில் ரத்தம் நிற்காத தொல்லை இருந்தது. அந்த 23 பேரில் 16 பேர் பெண்கள்.

என்னென்ன தொல்லை என்றும் குறித்தார். மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம், சின்னக் காயத்தில் நீண்ட கசிவு, பெண்களுக்கு அளவு மீறிய மாதவிடாய், பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு. ஹீமோபிலியாவில் அடிக்கடி வரும் மூட்டு ரத்தக்கசிவு இங்கே அரிது. ஆக இது வேறு நோய் என்பதற்குக் குடும்பக் கதையும் சாட்சி, உடம்பு காட்டிய அறிகுறியும் சாட்சி, பிளீடிங் டைமும் சாட்சி. மூன்றும் ஒரே பக்கம் கையைக் காட்டின.

ஆலண்ட் மாதிரியான இடத்தில் இது தெரிய வந்ததற்கும் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான சின்னத் தீவுகள், அதில் சிலவற்றில் மட்டும் குடியிருப்பு. ஸ்வீடிஷ் பேசும் சிறிய சமூகம். 1917-ல் பின்லாந்து சுதந்திரம் பெற்றபோது இந்தத் தீவுகள் யாருக்கு என்ற தகராறே நடந்து, 1921-ல் சர்வதேச சங்கம் பின்லாந்துக்குத்தான் என்று தீர்த்து வைத்தது. இப்படித் தள்ளியிருக்கும் ஊர்களில் கல்யாணமும் சுற்றுவட்டாரத்திலேயே நடக்கும். ஒரே மரபுக் கோளாறு அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்து ஒரே பிள்ளையில் சேர்வதற்கான வாய்ப்பு அதிகம்.

1926-ல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். பின்லாந்து மருத்துவர் சங்கத்தின் இதழில், ஸ்வீடிஷ் மொழியில். பரம்பரை போலி ஹீமோபிலியா என்பது அவர் வைத்த பெயர். ஹீமோபிலியா மாதிரி இருக்கும், ஆனா அது இல்லை என்ற பொருளில். ஸ்வீடிஷில் வந்ததால் வெளியே பெரிதாக எட்டவில்லை. 1931-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய பிறகுதான் மற்ற நாட்டு டாக்டர்கள் கவனித்தார்கள்.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆனது?

நோயின் தன்மை தெரிந்தது. மருந்து கிடையாது. அவள் வளர்ந்து பருவத்துக்கு வந்தாள். நான்காவது மாதவிடாயின்போது ரத்தப்போக்கு நிற்காமல் பதின்ம வயதிலேயே இறந்துபோனாள்.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வரும் நோய்தான் இது. ஆனா மாதவிடாய், பிரசவம் என்று பெண் உடம்பு மாதா மாதம் இதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. வில்லிபிராண்ட் கணக்கில் பெண்கள் அதிகம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல வீடுகளில் இன்றும், எங்க வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் என்ற ஒற்றை வரியில் அளவு மீறிய மாதவிடாய் முடிந்துபோகிறது. அந்த ஒற்றை வரியே ஒரு குடும்ப மருத்துவ வரலாறு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அவருக்கே தெரியாமல் போன காரணம்

என்ன குறைகிறது என்ற கேள்விக்கு வில்லிபிராண்ட் கடைசி வரை சரியான பதிலைக் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக்கைச் சேர்ந்த ருடால்ஃப் யூர்கென்ஸ் என்பவருடன் சேர்ந்து ஆலண்ட் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். நுண்குழாய் போன்ற அமைப்பில் ரத்தத்தை ஓடவிட்டு, அடைப்பு எப்போது உண்டாகிறது என்று அளக்கும் ஒரு கருவியை யூர்கென்ஸ் தரப்பு பயன்படுத்தியது. 1933-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், எண்ணிக்கையில் குறையாத பிளேட்லெட்டின் செயல்பாட்டில்தான் கோளாறு என்று கருதி, நோயின் பெயரையும் மாற்றினார்கள்.

அந்த ஊகம் தவறு. ஆனா அன்றைக்குக் கையில் இருந்த டெஸ்ட்டுகளை வைத்து அதற்கு மேல் போக வழியில்லை. பிளீடிங் டைம், முதல் கட்டத்தில் ஏதோ தப்பு என்று சொல்லும். எது தப்பு என்று சொல்லாது.

அதே 1933-ல் வில்லிபிராண்ட் மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1949 செப்டம்பர் 12-ம் தேதி தென் பின்லாந்தின் பெர்னோவில் 79 வயதில் இறந்தார்.

1950-களில் விடை மெதுவாக வந்தது. 1953-ல் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் எட்டாம் உறைவுக் காரணி குறைவாக இருப்பது தெரிந்தது. அட, அது ஹீமோபிலியாவில் குறையும் காரணி ஆயிற்றே! குழப்பம் கூடியது. ஸ்வீடனில் இங்கா மேரி நீல்சன், மார்கரெட்டா பிளோம்பேக், பிர்கர் பிளோம்பேக் குழுவும், ஆலண்டிலேயே பிறந்தவரான எரிக் யோர்பெஸும் சேர்ந்து தீவுக் குடும்பங்களை மறுபடி பரிசோதித்து 1957-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதியை ஏற்றினால் நோயாளிகளின் பிளீடிங் டைம் சரியானது. ஆச்சரியம் என்னவென்றால், ஹீமோபிலியா நோயாளியின் ரத்தத்திலிருந்து அதே பகுதியைப் பிரித்து ஏற்றினாலும் சரியானது. ஹீமோபிலியா நோயாளியிடம் எட்டாம் காரணி கிடையாது. அப்படியென்றால் இந்த நோயாளிகளுக்குக் குறைவது வேறு ஏதோ ஒரு பொருள்.

அந்தப் பொருளுக்குத்தான் வான் வில்லிபிராண்ட் காரணி என்று பெயர் வைத்தார்கள். கிழிந்த குழாய்ச் சுவரில் பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்தும் நீளமான புரதம் அது. கரை உடைப்பில் மணல் மூட்டையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் கட்டி நிறுத்தும் கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே எட்டாம் காரணி சீக்கிரம் அழிந்துவிடாமல் அதைச் சுமந்து பாதுகாப்பதும் இதே புரதம்தான். அதனால்தான் இது குறைந்தால் அதுவும் குறைகிறது.

அப்போ பிளீடிங் டைம் நல்ல டெஸ்ட்தானே?

ஒரு பெரிய நோயைக் காட்டிக்கொடுத்த டெஸ்ட் என்பதால் அதற்கு மவுசு கூடியது. காதுமடலுக்குப் பதில் முன்கை, மேல்கையில் பட்டை கட்டி ஒரே அழுத்தம், கீறல் ஒரே ஆழத்தில் விழ ஒரு அச்சு என்று முறையைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். உலகம் முழுக்க ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் டெஸ்ட் ஆகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். கீறல் கொஞ்சம் ஆழமானால் ஒரு ரிசல்ட், மேலோட்டமானால் இன்னொன்று. தோலின் தன்மை, வெப்பநிலை, முந்தின நாள் சாப்பிட்ட ஆஸ்பிரின், செய்பவரின் கை என எல்லாமே நேரத்தை மாற்றும். 1990-ல் ராட்ஜர்ஸ், லெவின் என்ற இரு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை அலசினார்கள். பிளீடிங் டைமை வைத்து ஆபரேஷனில் யாருக்கு ரத்தப்போக்கு அதிகமாகும் என்று கணிக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. 1998-ல் அமெரிக்க நோய்க்குறியியல் அமைப்புகளும், ஆபரேஷனுக்கு முன் இதைச் செய்வதால் பலன் இல்லை என்று நிலைப்பாடு எடுத்தன. பல நாடுகளில் பல மருத்துவமனைகள் நிறுத்திவிட்டன. நம் ஊர் லேப் சீட்டில் இன்னும் தொடர்கிறது.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு டெஸ்ட், நோய் உள்ள 100 பேரில் 60 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்குத் தவறாக நோய் என்று காட்டும். இதை ஆபரேஷனுக்கு வரும் 1,000 பேருக்குச் செய்கிறோம், அதில் 10 பேருக்குத்தான் நோய். டெஸ்ட் 6 பேரைப் பிடிக்கும், 4 பேரை விட்டுவிடும். நோயே இல்லாத சுமார் 50 பேரைப் பயமுறுத்தும். மோசமாக வந்த 56 ரிப்போர்ட்டில் 6 மட்டுமே உண்மை.

அதே டெஸ்ட்டை, சின்ன வயதிலிருந்து ரத்தம் நிற்காத தொல்லையும் குடும்பத்தில் அதே கதையும் உள்ள 1,000 பேருக்குச் செய்தால்? அவர்களில் 300 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், 180 பேரைச் சரியாகப் பிடிக்கும், 35 பேருக்குத்தான் தவறு. டெஸ்ட் மாறவில்லை. யாருக்குச் செய்கிறோம் என்பது மாறியது.

வில்லிபிராண்ட் இரண்டாவது வகையில் இருந்தார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பத்துக் குழந்தைக்கு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அவர் அந்தக் கீறலைப் போட்டார். வந்த ரிசல்ட்டும் ஒன்றிரண்டு நிமிட வித்தியாசம் இல்லை, மணிக்கணக்கு.

கிளாட்டிங் டைம் கதையும் அப்படித்தான். கடுமையான ஹீமோபிலியாவை அது காட்டலாம். லேசான ஹீமோபிலியாவில் நார்மலாக வந்து ஏமாற்றிவிடும்.

இன்றைக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இப்போது பரவலாகச் செய்யப்படும் பி.டி. வேறு, அது புரோத்ராம்பின் டைம். 1935-ல் அர்மாண்ட் குவிக் கொண்டுவந்தது. அதோடு ஏ.பி.டி.டி. என்ற டெஸ்ட்டும் சேர்ந்து வரும், அதன் முதல் வடிவம் 1953-ல் வந்தது. இரண்டும் கரையின் இரண்டாம் கட்ட வேலையைப் பார்ப்பவை. வில்லிபிராண்ட் நோயில் முதல் டெஸ்ட் நார்மலாகவே இருக்கும். இரண்டாவது, எட்டாம் காரணி நன்றாகக் குறைந்தால்தான் நீளும். லேசான பாதிப்பு உள்ள நிறைய பேருக்கு அதுவும் நார்மல்தான். ஆக இந்த இரண்டு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ரத்த உறைவில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சந்தேகம் இருந்தால் நேரடியாக மூன்றைப் பார்ப்பார்கள்: வில்லிபிராண்ட் காரணியின் அளவு, அது வேலை செய்கிறதா, எட்டாம் காரணி எவ்வளவு. வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பிறந்த கதை சுவாரஸ்யமானது. ரிஸ்டோசெட்டின் என்று ஒரு ஆன்டிபயாடிக் இருந்தது. பிளேட்லெட் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஏன் குறைக்கிறது என்று பார்த்தால், வில்லிபிராண்ட் காரணியைத் தூண்டி பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கிறது. 1971-ல் ஹோவர்ட், ஃபர்கின் என்ற இரு ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அந்த ஒட்டுதல் நடக்கவில்லை என்று காட்டினார்கள். மருந்தாகத் தோற்றது டெஸ்ட்டாகப் பிழைத்துக்கொண்டது.

இந்த மூன்று டெஸ்ட்டும் ஒரே தடவையில் முடிவு சொல்லிவிடும் என்றும் இல்லை. வில்லிபிராண்ட் காரணியின் அளவு ஒரே ஆளுக்கே மாறிக்கொண்டிருக்கும். காய்ச்சல், வீக்கம், மன அழுத்தம், கர்ப்பம் எல்லாம் அதை உயர்த்தும். ஊசியைப் பார்த்துக் கதறி அழும் குழந்தைக்குக்கூட அளவு ஏறி, நோய் மறைந்துகொள்ளலாம். ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட சுமார் 25% குறைவாகவே இருக்கும், அது நோய் இல்லை. அதனால்தான் எல்லைக்கோட்டில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்.

டெஸ்ட்டுக்கு முன் கேள்விப் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்தால் 10 நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறதா, பல் பிடுங்கிய பிறகு மறுபடி டாக்டரிடம் ஓட வேண்டி வந்ததா, மாதவிடாயால் ரத்தசோகை வந்து மாத்திரையோ ரத்தமோ தேவைப்பட்டதா, பிரசவத்தில் என்ன ஆனது என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும், முதல் நிலை மருத்துவத்தில் இந்த மதிப்பெண்ணை வைத்து யாரை லேப்புக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யச் சொல்கிறது. 66 பேரிடம் வில்லிபிராண்ட் திரட்டிய தகவலுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

மருந்தும் இருக்கிறது. லேசான வகைக்கு, உடம்பில் சேமித்து வைத்திருக்கும் காரணியை வெளியே வரவைக்கும் டெஸ்மோபிரசின் பலருக்கு வேலை செய்யும். உறைந்த கட்டி கரையாமல் காக்க டிரானெக்ஸாமிக் அமிலம் உண்டு. கடுமையான வகைக்கு அந்தக் காரணியையே ஊசியாக ஏற்றுவார்கள். எது யாருக்கு என்பதை ரத்தவியல் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் வலிக்கு ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளைத் தாங்களாக எடுக்கக் கூடாது.

பரம்பரை ரத்தப்போக்கு நோய்களில் இன்று உலகில் அதிகம் காணப்படுவது இதுதான். அறிகுறியோடு மருத்துவம் தேடுபவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தச் சிறுமிக்கு வந்த கடுமையான மூன்றாம் வகை மட்டும் பத்து லட்சத்தில் ஓரிருவர் அளவுக்கு அரிது.

1985-ல் இந்தக் காரணிக்கான மரபணு பிரிக்கப்பட்டது. 1990-களில் ஃபோக்லோ குடும்பத்தின் வாரிசுகளிடம் எடுத்த ரத்தத்தில் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். அந்த நீளமான மரபணுவில், பதினெட்டாவது பகுதியில், சைட்டோசின் என்ற ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பிழையான இரண்டு பிரதிகளும் ஒரே பிள்ளைக்கு வந்தால் காரணி கிட்டத்தட்ட உருவாகவே உருவாகாது. ஒரு பிரதி மட்டும் வந்தவர்களுக்கு லேசாக மூக்கில் ரத்தம் வரலாம், எதுவும் வராமலும் போகலாம்.